"நாம டேக்ஸா கட்டறோம்?"

2025 பிப்ரவரி 1, சனிக்கிழமை. எங்க ஹாஸ்டல் டிவி ரூம்ல கிரிக்கெட் மேட்ச்சுக்கு மட்டும்தான் கூட்டம் சேரும். அன்னிக்கு பட்ஜெட்டுக்கும் சேர்ந்தது. பிளேஸ்மென்ட் கிடைச்ச ஃபைனல் இயர் அண்ணன்கள் முன்வரிசையில. 12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி கிடையாதுன்னு நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவிச்சதும் ரூமே கைதட்டுச்சு. சொந்தமா ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்காத நானும் சேர்ந்து தட்டினேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போன் பண்ணேன். அப்பா ஈரோட்டுல குட்டியானை ஓட்டறார். தறிப்பட்டறையில துணி மூட்டை ஏத்தி, குடோன்ல கொண்டுபோய் இறக்கற வேலை. "பட்ஜெட் பாத்தீங்களாப்பா?"ன்னு கேட்டேன். "நமக்கென்ன கண்ணு அதுல? நாம டேக்ஸா கட்டறோம்?"னு சிரிச்சார்.

நானும் சரிதானேன்னு விட்டுட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு டீசல் வரி பத்தி ஒரு சின்னச் செய்தி கண்ணுல பட்டது. அதை வெச்சுக் கணக்குப் போட்டுப் பார்த்தப்போதான் அப்பா சொன்னது எவ்வளவு பெரிய தப்புன்னு புரிஞ்சது. அந்தக் கணக்கைத்தான் இங்க உங்களோட சேர்ந்து போடப் போறேன். பொருளாதாரம் படிச்சவன் எழுதறது இல்ல இது, மெக்கானிக்கல் தேர்ட் இயர் எழுதறது. பிளஸ் டூ கணக்கு தெரிஞ்சா போதும்.

பேச ஆரம்பிக்கும் முன்பே 54 காசு

நம் அரசியலமைப்புச் சட்டத்தில் 'பட்ஜெட்' என்ற சொல்லே கிடையாது. 112-வது பிரிவு அதை 'ஆண்டு நிதிநிலை அறிக்கை' என்றுதான் சொல்கிறது. அடுத்த ஏப்ரல் முதல் மார்ச் வரை அரசுக்கு எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்கிற மதிப்பீடு. அவ்வளவுதான்.

2025-26 பட்ஜெட்டை எடுத்துக்குவோம். மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி ரூபாய். கடன் வாங்காமல் வரக்கூடிய பணம் 34.96 லட்சம் கோடி. மீதி 15.69 லட்சம் கோடி இடைவெளி. இதுக்குத்தான் நிதிப் பற்றாக்குறைன்னு பேர். நாட்டின் ஜிடிபியில் இது 4.4 சதவீதம்.

ஒரு வீட்டுல வருமானத்தைப் பார்த்துச் செலவை முடிவு பண்ணுவாங்க. அரசு பெரும்பாலும் தலைகீழா யோசிக்குது. ஏன்னா செலவுல பெரும்பகுதி ஏற்கனவே முடிவானது. பட்ஜெட் ஆவணங்கள்ல 'ஒரு ரூபாய் எங்கே போகிறது'ன்னு ஒரு வட்டப்படம் போடுவாங்க, பார்த்திருப்பீங்க. அதில் மாநிலங்களுக்கான வரிப் பங்கு 22 காசு, பழைய கடனுக்கு வட்டி 20 காசு, பாதுகாப்பு 8 காசு, பென்ஷன் 4 காசு. கூட்டினா 54. நிதியமைச்சர் எழுந்து நின்னு முதல் வரியைப் படிக்கும் முன்பே பாதிக்கு மேல காலி. மானியம், திட்டங்கள்னு மீதியிலும் பெரும்பாலானதைச் சட்டுன்னு நிறுத்த முடியாது. ஆக, புதுசா ஏதாவது செய்ய நினைச்சா கைவசம் இருக்கறது ரூபாய்க்குச் சில காசுகள்தான்.

இப்போ அதே படத்தின் இன்னொரு பாதி, 'ஒரு ரூபாய் எங்கிருந்து வருகிறது'. அதில் 24 காசு கடன். கால்குலேட்டரை எடுத்து 15.69-ஐ 50.65-ஆல் வகுத்தவங்களுக்கு 31 சதவீதம் வந்திருக்கும். குழம்ப வேண்டாம். இந்தக் காசுக் கணக்கில் மாநிலங்களுக்குப் போகும் வரிப் பங்கு 14.22 லட்சம் கோடியையும் சேர்த்துக்கறாங்க. அதைச் சேர்த்து வகுத்தா 24 சரியா வரும்.

24 காசு கடன் வாங்கி, 20 காசு வட்டி கட்டறோம். முதல் தடவை பார்த்தப்போ எனக்குப் பகீர்னு இருந்தது. வட்டி கட்டவே வட்டிக்கு வாங்கற குடும்பம் மாதிரி. ஆனா எல்லாக் கடனையும் ஒரே தராசுல வைக்கக் கூடாது. அன்றாடச் செலவுக்கே வருமானம் போதாமல் வாங்குவது ஒரு வகை. இதை வருவாய்ப் பற்றாக்குறைன்னு சொல்றாங்க, 2025-26-க்கு சுமார் 5.24 லட்சம் கோடி. மிச்சக் கடன் ரயில்பாதை, நெடுஞ்சாலை மாதிரி நின்னு பலன் தரும் விஷயங்களுக்குப் போகுது. லோன் போட்டு லேத் மெஷின் வாங்கறதுக்கும், லோன் போட்டு மாச மளிகை வாங்கறதுக்கும் உள்ள வித்தியாசம்.

நோட்டு அடிச்சுக்கலாமேன்னு ஒருத்தர் கட்டாயம் கேட்பார். 2003-ல் வந்த நிதிப் பொறுப்புச் சட்டம் அதுக்குத்தான் கடிவாளம் போட்டது. அதன்படி, அரசு வெளியிடும் கடன் பத்திரங்களை ரிசர்வ் வங்கி அரசிடமிருந்து நேரடியாக வாங்குவது 2006 ஏப்ரலோடு நின்றது. விதிவிலக்குகள் உண்டு, ஆனா அது வழக்கமான வழி இல்ல. கொரோனா வந்த 2020-21-ல் பற்றாக்குறை ஜிடிபியில் 9.2 சதவீதம் வரைக்கும் போச்சு. அங்கிருந்து படிப்படியா 4.4-க்கு இறக்கறதுதான் அதுக்கப்புறம் வந்த பட்ஜெட்கள் எல்லாத்துக்கும் பின்னால இருந்த முதல் கவலை. செலவைக் குறைக்க முடியாது, கடனையும் குறைக்கணும். அப்போ மிச்சம் இருக்கறது வரி.

கட்டணத்தை ஏத்தினேன், வசூல் குறைஞ்சது

போன வருஷம் எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு நான்தான் டிரெஷரர். முந்தைய வருஷம் ரெஜிஸ்ட்ரேஷன் 150 ரூபாய், சுமார் 400 பேர் வந்தாங்க. 60,000 வசூல். 250 ஆக்கினா ஒரு லட்சம் வருமேன்னு நான்தான் அடம் பிடிச்சேன். வந்தது 180 பேர். 45,000. ஸ்டேஜ் பேனருக்குக்கூட காசு பத்தாம ஹெச்ஓடி முன்னாடி தலைகுனிஞ்சு நின்னேன்.

ஆனா அதே நாள்ல கேன்டீன்காரர் தண்ணி பாட்டிலை அஞ்சு ரூபாய் ஏத்தி வித்தார். ஒண்ணு பாக்கி இல்லாம வித்துப் போச்சு. ஏன்? சிம்போசியத்துக்கு வராம இருக்கலாம். வந்தவனுக்குத் தாகம் எடுத்தா வாங்காம இருக்க முடியாது.

வரி விதிப்புக்குப் பின்னால இருக்கற முக்கால்வாசி யோசனை இதுதான். இதைக் கணக்காகவே எழுதிக் காட்டியவர் பிராங்க் ராம்சே. கேம்பிரிட்ஜ் கணித மேதை. 1927-ல், 24 வயசுல, வரிக் கோட்பாடு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 26 வயசுல இறந்தும் போனார். அவர் எடுத்துக்கிட்ட கேள்வி ஒரு ஆப்டிமைசேஷன் பிராப்ளம்: அரசுக்கு இவ்வளவு பணம் வேணும், பொருள்கள் மேல வரி போட்டுத்தான் திரட்டணும், மக்களோட நடவடிக்கை குறைந்தபட்சம் குலையணும். எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி? எளிமையான நிலையில் கிடைத்த விடை: விலை ஏறினாலும் எதை மக்கள் வாங்குவதைக் குறைக்க மாட்டார்களோ அதன் மேல் அதிக வரி, எதை உடனே விட்டுவிடுவார்களோ அதன் மேல் குறைந்த வரி. ஓடக்கூடியதை மெதுவாப் பிடி, ஓட முடியாததை இறுக்கிப் பிடி.

நம்ம நாட்டு வரலாற்றை இந்தக் கண்ணாடி போட்டுப் பாருங்க, நிறைய விஷயம் விளங்கும்.

1973-74-ல் வருமான வரியின் உச்ச விகிதம் 85 சதவீதம். அதன் மேல் 15 சதவீத சர்சார்ஜ். பெருக்கினா 97.75. அதாவது உச்ச வரம்புக்கு மேல சம்பாதிக்கிற ஒவ்வொரு 100 ரூபாயிலும் கையில நிக்கறது 2 ரூபாய் 25 காசு. சமத்துவத்துக்காகப் போட்ட வரிதான், சந்தேகமில்லை. ஆனா அப்படி ஒரு விகிதத்துல யார் உண்மைக் கணக்கைக் காட்டுவாங்க? கறுப்புப் பணத்துக்கு இந்த விகிதமே ஒரு காரணம்னு அரசு அமைச்ச வாஞ்சூ குழுவே 1971-ல் சொல்லியிருந்தது. 1974-ல் 77 சதவீதத்துக்கு இறங்கியது. ப. சிதம்பரம் 1997-ல் போட்ட பட்ஜெட்டில் உச்ச விகிதம் 30.

தங்கம் இன்னும் தெளிவான உதாரணம். 2022 ஜூலையில் இறக்குமதி வரியை 15 சதவீதமா உயர்த்தினாங்க. டாலர் வெளியே போறதைக் குறைக்கணும்னு நோக்கம். சென்னை ஏர்போர்ட்டுல 'குருவி'ன்னா யாருன்னு உங்களுக்கே தெரியும். அந்தக் குருவிகளுக்கு 15 சதவீத வரின்னா 15 சதவீத லாபம்னு அர்த்தம். 2024 ஜூலை பட்ஜெட்டில் அதை 6 ஆக்கினாங்க. ஒரு கிலோ தங்கம் பெல்ட்டுக்குள்ள அடங்கிடும். பறக்கக்கூடிய பொருளுக்கு வரி கம்மியாத்தான் இருக்க முடியும்.

கம்பெனிகளும் பறக்கும். 2019 செப்டம்பர் 20 அன்று, பட்ஜெட்டே இல்லாத ஒரு நாளில், அவசரச் சட்டம் மூலமா கார்ப்பரேட் வரியை 22 சதவீதத்துக்கும், புதுசா தொடங்கும் உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 சதவீதத்துக்கும் இறக்கினாங்க. இதனால் அரசுக்குக் குறையும் வருவாய் வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடின்னு அரசே சொன்னது. காரணம் சுலபம். ஒரு ஃபேக்டரி இங்க வரலாம், வேற ஆசிய நாட்டுக்கும் போகலாம். வரி அதிகம்னா போயிடும். 2019-20 வரை வருமான வரியைவிட கார்ப்பரேட் வரி வசூல்தான் அதிகமா இருந்தது. 2025-26 பட்ஜெட்டில் ரூபாய்க்கு வருமான வரி 22 காசு, கார்ப்பரேட் வரி 17 காசு. வரிசை மாறிடுச்சு. அந்த வரிக் குறைப்பு போட்ட அளவுக்கு முதலீட்டைக் கொண்டு வந்ததான்னு இன்னும் சண்டை ஓடுது. என் பார்வையில் லாபம் கம்பெனிகளுக்கு உடனே கிடைச்சது, வேலைவாய்ப்பு அந்த வேகத்துல வரல.

இன்னொண்ணு, வசூல் பண்ற செலவு. சொத்து வரின்னு மத்திய அரசு ஒண்ணு வெச்சிருந்தது. பேரைக் கேட்டா பணக்காரங்க நடுங்கணும். 2013-14-ல் அதில் நாடு முழுக்க வந்தது 1,008 கோடி ரூபாய்தான். நகை, வீடு, கார் எல்லாத்துக்கும் மதிப்புப் போட்டு, அதில் வழக்கு நடத்தி... அருண் ஜேட்லி 2015-ல் அதை ரத்து பண்ணிட்டு, ஒரு கோடிக்கு மேல் வருமானம் இருக்கறவங்களுக்குக் கூடுதலா 2 சதவீத சர்சார்ஜ் போட்டார். அதில் 9,000 கோடி வரும்னு மதிப்பிட்டாங்க. ஏற்கனவே ஓடற மெஷின்ல ஒரு பல்சக்கரம் மாட்டற மாதிரி. இந்த 'சர்சார்ஜ்' என்ற வார்த்தையை ஞாபகம் வெச்சுக்குங்க, கொஞ்ச நேரத்துல திரும்ப வரும்.

ஓட முடியாத பொருள்

இப்போ குட்டியானைக்கு வருவோம்.

டீசலைப் பெல்ட்டுல ஒளிச்சு எடுத்துட்டு வர முடியாது. லிட்டருக்கு அஞ்சு ரூபாய் ஏறினா அப்பா வண்டியை நிறுத்திட மாட்டார், லோடு போயாகணும். வசூலும் சுலபம். நாட்டுல சுத்திகரிப்பு ஆலைகள் இருபத்துச் சொச்சம். கலால் வரியை அங்கேயே பிடிச்சிடலாம், கோடிக்கணக்கான வண்டிக்காரங்களைத் தேடிப் போக வேண்டாம். ராம்சே சொன்ன இலக்கணத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

2014 ஏப்ரலில் ஒரு லிட்டர் டீசலுக்கு மத்திய கலால் வரி 3 ரூபாய் 56 காசு. அந்த வருஷக் கடைசியில உலகச் சந்தையில கச்சா எண்ணெய் விலை சரிய ஆரம்பிச்சது. 2014 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை 9 தடவை வரியை ஏத்தினாங்க. விலை சரிஞ்சதால் பங்க்ல பெரிசா யாருக்கும் உறைக்கல. 2020 மே மாசம், ஊரடங்குல கச்சா எண்ணெய் அடிமட்டத்துக்குப் போனப்போ, ஒரே அடியா டீசலுக்கு 13 ரூபாய், பெட்ரோலுக்கு 10 ரூபாய். டீசல் வரி 31 ரூபாய் 83 காசு ஆனது. பிறகு 2021 நவம்பரிலும் 2022 மே மாசத்திலும் குறைச்சு 15.80-க்குக் கொண்டு வந்தாங்க. 2025 ஏப்ரலில் மறுபடி 2 ரூபாய் ஏத்தி 17.80. நான் படிச்ச சின்னச் செய்தி இதுதான். பங்க்ல விலை மாறல, எண்ணெய் நிறுவனங்கள் ஏத்துக்கிட்டாங்க. அதனால நம்ம காலேஜ்ல ஒருத்தரும் அதைப் பத்திப் பேசல.

வில்லத்தனம்னு மட்டும் இதைப் பார்க்க முடியாது. 2020-ல் வருமான வரி, ஜிஎஸ்டி எல்லாம் படுத்துக்கிடந்தது. இலவச அரிசிக்கும் மருத்துவத்துக்கும் பணம் எங்கிருந்தாவது வரணும். கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் நாம இறக்குமதி பண்றோம், புகையும் விடறோம், ரோட்டையும் தேய்க்கிறோம். எரிபொருள் மேல வரி வேணும்கறதுக்கு நியாயம் உண்டு. என் கேள்வி வரி இருக்கலாமாங்கறது இல்ல, அது யார் மேல விழுதுங்கறது.

அப்பாவோட கணக்கு. ஒரு நாளைக்கு சுமார் 6 லிட்டர். 17.80-ஆல் பெருக்கினா 106 ரூபாய் 80 காசு. வருஷத்துல 300 நாள் ஓட்டறார்னு வெச்சுக்குங்க. 32,040 ரூபாய். இது மத்திய கலால் வரி மட்டும். மாநில அரசின் வாட் தனி, டயருக்கும் ஸ்பேர் பார்ட்ஸுக்கும் கட்டற ஜிஎஸ்டி தனி.

இப்போ டிவி ரூம்ல கைதட்டின அண்ணனை எடுத்துக்குவோம். புதிய முறையில் 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு. ஆக, சம்பளம் 12,75,000 வரை அவருக்கு வருமான வரி பூஜ்யம். அதுக்கு மேல ஒரு ரூபாய் போனா மொத்தமா 60,000 கட்டணுமான்னு பயப்பட வேண்டாம். 12 லட்சத்தை எவ்வளவு தாண்டுதோ அதைவிட அதிகமா வரி போகாதபடி சட்டத்துல ஒரு தாங்கு கட்டை வெச்சிருக்காங்க. அந்தச் சூத்திரத்துல 4 சதவீத செஸ்ஸையும் சேர்த்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். அப்பா கட்டற அதே 32,040 ரூபாயை ஒருத்தர் வருமான வரியாக் கட்டணும்னா அவர் சம்பளம் சுமார் 13 லட்சத்து 5 ஆயிரமா இருக்கணும். அப்பா வருஷத்துக்குச் சம்பாதிக்கறது அதுல கால்பங்குகூட இல்ல.

நேர்மையா ரெண்டு விஷயம் சொல்லணும். அந்த அண்ணனும் பைக்குக்குப் பெட்ரோல் போடுவார், அதுல வரி கட்டுவார். அப்புறம், அப்பா டீசல் செலவை வாடகையில ஏத்தலாமே? ஏத்தலாம், முடிஞ்சா. "நீ 50 ரூபா ஏத்தினா அடுத்த வண்டிக்காரன் ஏத்தாம வரான்"னு தறிக்காரர் சொன்னா அங்கேயே முடிஞ்சது. ஏத்தினாலும் அது துணி விலையில போய் உட்காரும், அந்தத் துணியை வாங்கறவர் கட்டுவார். வரியை அரசுகிட்ட ஒப்படைக்கறவர் ஒருத்தர், உண்மையில் சுமக்கறவர் வேற ஒருத்தர். யாரால விலகிப் போக முடியலையோ அவங்க தோள்ல அது நிக்கும்.

இந்த 32,040-ஐ அப்பாகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "பில்லுல அப்படி ஒண்ணும் போட்டிருக்க மாட்டேங்குதே கண்ணு"ன்னார். வாஸ்தவம். ஹோட்டல்ல ரெண்டு தோசை சாப்பிட்டா பில்லுல சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டின்னு தனித்தனியா அடிச்சுத் தர்றாங்க. பங்க் பில்லுல லிட்டர், விலை, மொத்தம். வரி எவ்வளவுன்னு ஒரு வரி கிடையாது. வருமான வரி சம்பளச் சீட்டுல கண்ணுல அறையும், அதனால அதைக் குறைச்சா கைதட்டல் வரும். 12 லட்சம் அறிவிப்பால் அரசு விட்டுக்கொடுத்தது சுமார் ஒரு லட்சம் கோடி. நடுத்தர வர்க்கம் கையில பணம் இருந்தா செலவு பண்ணும், சந்தை சூடு பிடிக்கும்கறது அதுக்குச் சொன்ன காரணம். அது தவறான காரணம் இல்ல. ஆனா அதே ஒரு லட்சம் கோடியை டீசல்ல விட்டுக்கொடுத்திருந்தா யாரும் கைதட்டியிருக்க மாட்டாங்க. யாருக்குக் குறைஞ்சதுன்னே யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

ராம்சேயின் விடைக்கு இதுதான் பலவீனம். அவர் போட்ட கணக்கில் எல்லாரும் ஒரே மாதிரியான ஆட்கள், ஏழை பணக்காரன் கிடையாது. விலகிப் போக முடியாத பொருள்னு பட்டியல் போட்டா அரிசி, மருந்து, டீசல்னுதான் வரும். அதனாலதான் அரசுகள் அந்தக் கணக்கை அப்படியே போடாம, அங்கங்க வேணும்னே உடைக்கறாங்க. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியில் 12, 28 சதவீத அடுக்குகளை எடுத்துட்டு, பெரும்பாலான பொருள்களை 5, 18 என்ற ரெண்டு அடுக்குக்குள்ள கொண்டு வந்தப்போ நோட்டுப் புத்தகம், பென்சில், ரப்பருக்கு வரியே இல்லைன்னு ஆக்கினாங்க. சிலவற்றுக்கு மட்டும் 40. டீசல் மட்டும் இந்த மேஜைக்கே வர்றதில்ல.

லிட்டருக்கு மூணு காசு

ஏன் வரல? இங்கதான் அந்த 'சர்சார்ஜ்' திரும்ப வருது.

மத்திய அரசு வசூலிக்கும் வரிகளை மாநிலங்களோட பகிர்ந்துக்கணும். எவ்வளவுன்னு நிதிக்குழு சொல்லும். 15-வது நிதிக்குழு சொன்னது 41 சதவீதம். ஆனா அரசியலமைப்பின் 270-வது பிரிவுப்படி செஸ், சர்சார்ஜ் ரெண்டும் இந்தப் பகிர்வுக்குள்ள வராது. 2025-26-ல் மொத்த வரி வருவாய் மதிப்பீடு 42.70 லட்சம் கோடி, மாநிலங்களுக்கு 14.22 லட்சம் கோடி. வகுத்துப் பார்த்தா மூணுல ஒரு பங்கு. 41 எப்படி 33 ஆச்சுங்கறதுக்குப் பெரிய காரணம் இந்த ரெண்டு வார்த்தைதான்.

2025 ஏப்ரலில் இருந்த 17.80-ஐப் பிரிச்சுப் போடுவோம். அடிப்படைக் கலால் வரி 1.80. சிறப்புக் கூடுதல் கலால் வரி 10. சாலை மற்றும் உள்கட்டமைப்பு செஸ் 2. வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 4. இதில் பகிர்வுக்கு வருவது அந்த 1.80 மட்டும். அதில் 41 சதவீதம், 74 காசு, 28 மாநிலங்களுக்கும் சேர்த்து. 15-வது நிதிக்குழுவின் சூத்திரப்படி தமிழ்நாட்டின் பங்கு அதில் 4.079 சதவீதம். பெருக்கிப் பாருங்க. ஈரோட்டுல அப்பா போடற ஒவ்வொரு லிட்டருக்கும் கட்டற 17 ரூபாய் 80 காசுல, வரிப் பங்கு என்ற கணக்கில் தமிழ்நாட்டுக்கு வர்றது 3 காசு.

மீதி எல்லாம் டெல்லியிலேயே பதுங்கிடுதுன்னு அர்த்தம் இல்ல. சாலை செஸ்ல தேசிய நெடுஞ்சாலை போடறாங்க, அதுல நாமும் போறோம். மாநிலங்களுக்கு 50 வருஷ வட்டியில்லாக் கடன்னு 2025-26-ல் 1.5 லட்சம் கோடி ஒதுக்கியிருக்காங்க. மாநில அரசும் டீசல் மேல தன் பங்குக்கு வாட் போடுது, அதைக் குறைக்கச் சொன்னா அதுவும் யோசிக்கும். மத்திய அரசோட வாதம், ராணுவம், ரயில், பேரிடர்னு நாடு முழுக்கப் பொறுப்பு எங்களுதுங்கறது. மாநிலங்களோட வாதம், ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் போலீஸும் நாங்கதான் நடத்தறோங்கறது. பங்கா வந்தா எதுக்குச் செலவு பண்றதுன்னு மாநிலம் முடிவு பண்ணும். திட்டமாவோ கடனாவோ வந்தா கொடுக்கறவங்க நிபந்தனை கூடவே வரும். சண்டையின் உண்மையான பொருள் இதுதான்.

என் கருத்தைச் சொல்லிடறேன். ரோட்டுக்குன்னு பேர் சொல்லி வாங்கற 2 ரூபாயை ரோட்டுக்கே வெச்சுக்கறதுல தப்பில்ல. எந்தக் காரியத்துக்குன்னு பேரே இல்லாத 'சிறப்புக் கூடுதல்' 10 ரூபாய் பகிர்வுக்குள்ள வரணும். 2025 ஏப்ரலில் ஏத்தின 2 ரூபாயும் அந்த 10-க்குள்ளதான் போய்ச் சேர்ந்தது.

சரி, டீசலை ஜிஎஸ்டிக்குள்ள கொண்டு வந்துட்டா? அதுக்கு ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைக்கணும். வந்தா மத்திய அரசுக்கு செஸ், சர்சார்ஜ் போகும், மாநிலங்களுக்குத் தாங்களே தீர்மானிக்கற வாட் போகும். எதிரெதிரா உட்கார்ந்திருக்கற ரெண்டு பேருக்கும் ஒரே விஷயத்துல நஷ்டம். அதான் 2017 ஜூலையில இருந்து அந்தக் கோப்பு நகரல.

வீட்டுப்பாடம்

ஒண்ணு. உங்க பைக் டேங்க்கை எடுத்துக்குங்க. 2025 ஏப்ரல் உயர்வுக்குப் பிறகு பெட்ரோலுக்கு மத்திய வரி லிட்டருக்கு 21.90, அதில் அடிப்படைக் கலால் 1.40. ஒரு மாசத்துக்கு எத்தனை லிட்டர் போடறீங்களோ அதை வெச்சு, நீங்க கட்டற வரி எவ்வளவு, அதில் பகிர்வுக்குப் போறது எவ்வளவுன்னு போட்டுப் பாருங்க. பார்ட் டைம்ல சம்பாதிக்கறவங்க அதைத் தங்கள் வருமானத்தோட சதவீதமா எழுதுங்க.

ரெண்டு. ஜிஎஸ்டி கவுன்சிலில் மத்திய அரசின் ஓட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு, எல்லாருக்கும் சமமாப் பிரியும். சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசங்களையும் சேர்த்து 31 பேர்னு வெச்சுக்குங்க. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேணும். மத்திய அரசு மட்டும் எதிர்த்தா என்ன ஆகும்? மத்திய அரசு ஆதரிக்கும் ஒரு தீர்மானத்தைத் தடுக்க எத்தனை மாநிலம் சேரணும்? இரண்டாவதுக்கு எனக்கு வந்த விடை 12.

மூணாவது, பட்ஜெட் அன்னிக்குச் செய்ய வேண்டியது. உரை ஓடட்டும், கேளுங்க. முடிஞ்சதும் நிதி அமைச்சகத்தின் இணையதளத்தில் வரவு-செலவுச் சுருக்கத்தோட வரவு ஆவணமும் வரும். அதில் கலால் வரிப் பக்கத்தைத் திறந்து, அடிப்படை வரி எவ்வளவு, செஸ்ஸும் சர்சார்ஜும் எவ்வளவுன்னு தனித்தனியாக் குறிச்சு வைங்க. வித்தியாசமா ஏதாவது கிடைச்சா அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்க. டீசல் பக்கத்தை நான் பார்த்துக்கறேன்.